‘என்றும்’ என்னும் சொல்: குடும்ப அறக்கட்டளைகளும் நீதிமன்றங்களும்

காத்தோங் வட்டாரத்தின் ஜூ சியட் சாலை வழியே நடந்து கூன் செங் சாலைக்குள் திரும்பினால், வண்ணப் பூவோடுகள் பதித்த பெரனாக்கன் வீடுகளின் வரிசையைக் காணலாம். சுற்றுலா வருவோர் அவற்றின் முகப்பைப் படம் பிடித்துச் செல்கின்றனர். அத்தகைய வீடுகளின் உள்ளே, முன்கூடத்தைக் கடந்த இடத்தில், முன்னோர் பெயர் பொறித்த பலகைக்கு ஊதுவத்தி ஏற்றி வழிபடும் வழக்கம் இருந்தது. வீட்டின் மூத்தோர், தம் காலத்திற்குப் பின்னும் அவ்வழிபாடு நின்றுவிடக் கூடாது என்று விரும்பினர். அதற்காக வீட்டையோ தோட்டத்தையோ ஒதுக்கி உயில் எழுதினர். அந்த உயில்களிலிருந்து எழுந்த வழக்குகளே இக்கட்டுரையின் பொருள்.

மொழியியல் பயின்ற நாம் சட்ட வரலாற்றிற்குள் நுழைவதற்குக் காரணம் உண்டு. குடும்ப அறக்கட்டளை வழக்குகள் பணத்தைப் பற்றியவையாகத் தோன்றினும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரு சொல்லின் பொருளில் வந்து நிற்கின்றன. ‘குடும்பம்’ என்றால் யார்? ‘பிள்ளை’ என்றால் மகன் மட்டுமா? ‘என்றும்’ என்றால் எத்தனை ஆண்டு? எழுதியவர் மறைந்தபின் அச்சொற்களுக்கு விளக்கம் கேட்க ஆளில்லை. அவ்விடத்தில்தான் உறவினர் பிரிகின்றனர்; நீதிமன்றம் உள்ளே வருகின்றது.

சாவா மூவாப் பேராடு

அறக்கொடைக்குத் தமிழில் நீண்ட சொல்வழக்கு உண்டு. கோயில் வழிபாட்டில் ஒரு குறிப்பிட்ட பூசைக்கோ திருவிழாவுக்கோ ஒதுக்கப்பட்ட கொடையைக் ‘கட்டளை’ என்பர். கட்டளை என்பது ஆணை. கொடுப்பவர் பொருளோடு ஓர் ஆணையையும் விட்டுச் செல்கின்றார். அந்த ஆணைக்கு அடங்கியதே பொருள். ‘அறக்கட்டளை’ என்னும் இன்றைய சொல்லுக்குள் இக்கருத்து முழுமையாக அடங்கியிருக்கின்றது. ஆங்கிலேயர் இதே ஏற்பாட்டுக்கு நம்பிக்கை என்னும் பொருளுடைய ‘டிரஸ்ட்’ என்ற சொல்லை ஆண்டனர். தமிழ்ச்சொல் கொடுத்தவரின் ஆணையைச் சுட்டுகிறது. ஆங்கிலச்சொல் பெற்றுக் காப்பவரின் மனச்சான்றைச் சுட்டுகிறது. இஸ்லாமிய மரபின் ‘வக்ஃபு’ என்னும் அரபுச்சொல்லுக்கோ நிறுத்திவைத்தல் என்பது வேர்ப்பொருள். சொத்து கைமாறாமல் நிறுத்தப்படுகிறது. ஒரே ஏற்பாட்டை மூன்று மொழிகள் மூன்று பக்கங்களிலிருந்து நோக்கியுள்ளன.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கு எரிக்க 90 ஆடோ 96 ஆடோ கொடுத்த செய்தி பல இடங்களில் வருகின்றது. அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு கூறும். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று நாம் கேட்கலாம். பெற்றுக்கொண்ட இடையர், இறக்கும் ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகளை வளர்த்து, மந்தையின் தொகை குறையாமல் காத்து, நாள்தோறும் அளந்த நெய்யைக் கோயிலுக்குச் செலுத்த வேண்டும் என்பதே பொருள். முதல் அழியக் கூடாது, பயனை மட்டும் செலவிடலாம் என்னும் இன்றைய நிதிக்கொள்கை அச்சொற்றொடரில் உள்ளது. ‘சந்திராதித்தவல்’, அதாவது நிலவும் ஞாயிறும் உள்ளவரை, என்று காலமும் குறிக்கப்பட்டது. கொடையைக் காக்கும் பொறுப்பு ‘பன்மாகேசுவரர்’ என்னும் அடியார் கூட்டத்திடம் ஒப்படைக்கப்பட்டது. என்றும் நிற்க வேண்டிய அறத்தை ஒரு குடும்பத்தின் கையில் மட்டும் விடாமல் ஊரறியக் கல்லில் வெட்டி வைத்தனர் என்பதை நினைவிற் கொள்க. பின்னர் வரும் வழக்குகளைப் புரிந்துகொள்ள இது துணை செய்யும்.

காலவரம்பு கேட்ட சட்டம்

1826ஆம் ஆண்டின் இரண்டாம் நீதிச் சாசனம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றையும் ஒரே நீதிமன்றத்தின்கீழ்க் கொணர்ந்தது. அச்சாசனத்தின் வழியே ஆங்கிலச் சட்டம் இத்தீவில் நடைமுறைக்கு வந்ததாக நீதிமன்றங்கள் கொண்டன. அச்சட்டத்தோடு ஒரு விதியும் கப்பலேறி வந்தது. ஒரு சொத்தைக் காலவரையறையின்றிக் கட்டிவைக்கக் கூடாது என்பதே அவ்விதி. 1682ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நார்ஃபோக் கோமகன் குடும்ப வழக்கிலிருந்து வளர்ந்த இவ்விதி, கொடை எழுதும்போது உயிரோடிருக்கும் ஒருவரின் வாழ்நாளையும் அதன்பின் 21 ஆண்டுகளையும் எல்லையாக வைத்தது. இறந்தவரின் விருப்பம் பிறவாத தலைமுறைகளையெல்லாம் கட்டிப்போட்டால், வாழ்வோர்க்கு நிலம் பயன்படாமற் போகும் என்பது அதன் நியாயம். இவ்வெல்லையைத் தாண்டி நிற்க ஒரே ஒரு வகைக் கொடைக்கு இடமளிக்கப்பட்டது. அது பொதுமக்களுக்குப் பயன்தரும் அறம்.

ஆகவே நீதிமன்றத்தின் முன் எழுந்த வினா இது: முன்னோர் வழிபாட்டுக்கு ஒதுக்கிய சொத்து பொது அறமா, குடும்பத்தின் தனிக் காரியமா?

1869ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சோவா சூன் நியோ என்னும் பெண்மணிக்கும் ஸ்பாட்டிஸ்வூட் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் இவ்வினா நேராக வந்தது. ‘சின்சியூ’ என்று ஆவணங்கள் குறிக்கும் முன்னோர் சடங்குகளை இடைவிடாது நடத்தச் சொத்தின் வருவாயை உயில் ஒதுக்கியிருந்தது. தலைமை நீதிபதி சர் பீட்டர் பென்சன் மேக்ஸ்வெல் அச்சடங்கை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. ஆனால் அதனால் பயன்பெறுவோர் அக்குடும்பத்தாரே, பொதுமக்கள் அல்லர் என்றார். பொது அறம் ஆகாத கொடை காலவரம்பின்றி நிற்க முடியாது. எனவே அந்த ஏற்பாடு செல்லாது என்று முடிந்தது.

ஆறாண்டுகளுக்குப் பின், 1875இல், பினாங்கைச் சேர்ந்த வழக்கொன்று இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. யாப் சியா நியோ, ஓங் செங் நியோ என்னும் இருவரின் பெயரால் அது அறியப்படுகிறது. இவ்வழக்குகளில் வரும் ‘நியோ’ என்னும் பெயரீறு பெரனாக்கன் மகளிர்க்குரியது; பெண்மணி எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. உயிலை எழுதியவரும் ஓ இயோ நியோ என்னும் பெண்மணியே. குடும்பக் கல்லறைகள் இருந்த தோட்டத்தை விற்காமலும் அடகு வைக்காமலும் குடும்ப அடக்கநிலமாகவே வைத்திருக்க வேண்டும் என்றும், ‘சௌ சோங்’ என்று பெயர் குறித்த வீட்டில் தமக்கும் தம் கணவருக்கும் உரிய சடங்குகள் நடைபெற வேண்டும் என்றும் அவர் எழுதிவைத்தார். எஞ்சிய சொத்தை, உயிலை நிறைவேற்றுவோர் தமக்கு நியாயமெனத் தோன்றியவாறு பங்கிடலாம் என்றும் விட்டுச் சென்றார்.

பிரிவி கவுன்சில் இம்மூன்றையும் ஏற்கவில்லை. அடக்கநிலமும் சடங்கு வீடும் குடும்பத்துக்கு மட்டும் உரியவை, காலவரம்பில்லாதவை, ஆதலால் செல்லா. இறந்தோர்க்காகப் பூசை நடத்துமாறு கத்தோலிக்கர் பாதிரிமாருக்கு விட்டுச் செல்லும் கொடையோடு அவ்வீட்டை நீதிபதிகள் ஒப்பிட்டனர்; அக்கால ஆங்கிலச் சட்டம் அதனையும் அறமாக ஏற்கவில்லை. எஞ்சிய சொத்தைப் பற்றிய சொற்கள் தெளிவற்றவை. அதை நிறைவேற்றுவோர் தமதாக்கிக்கொள்ளவும் முடியாது, வேறு யாருக்கு என்றும் சொல்ல முடியாது. ஆதலின் அது நெருங்கிய உறவினருக்குச் சேரும் என்றாயிற்று.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கொடை செல்லாது என்று தீர்ப்பானால் அச்சொத்து காற்றில் கரைவதில்லை. வாரிசுகளின் கைக்குத் திரும்புகின்றது. எனவே ஒரே குடும்பத்தில், அறத்தை நடத்தும் பொறுப்பில் உள்ளவர் ஆவணம் நிற்க வேண்டும் என்பார். அது விழுந்தால் பங்கு கிடைக்கப் பெறுபவர் அதன் சொற்களில் பிழை காண்பார். ஒருவர் தீயவர், மற்றவர் நல்லவர் என்று இதைப் பிரித்துவிட முடியாது. பூசை நடக்கும் வீட்டின் வாடகைக் கணக்கு பல்லாண்டுகள் காட்டப்படாதபோது, பங்கு கேட்பவரின் ஐயத்திலும் நியாயம் இருக்கக் கூடும்.

குடும்பம் என்பது யார் என்பதிலும் இதே சிக்கல் எழுந்தது. உயில் எழுதாமல் இறந்த சூ எங் சூன் என்பவரின் சொத்தைக் குறித்து 1908இல் சிங்கப்பூரில் நடந்த ‘ஆறு விதவையர் வழக்கு’ பலரும் அறிந்தது. ஆங்கிலப் பங்கீட்டுச் சட்டம் ‘விதவை’ என்று ஒருமையில் எழுதியிருந்தது. நீதிமன்றத்தின் முன்னோ ஆறு பெண்கள் மனைவி என்று உரிமை கோரினர். சீனர் திருமணம் பலதார மணத்தை ஏற்பது என்று கொண்டு, விதவைக்குரிய மூன்றில் ஒரு பங்கை மனைவியர் சமமாகப் பகிர்ந்துகொள்ளலாம் என நீதிமன்றம் வழி செய்தது. ஒருமைச் சொல்லுக்குள் பன்மையை அடக்க நேர்ந்த அந்நிலை, 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் பலதார மணத்தைத் தடை செய்யும் வரை தொடர்ந்தது.

பச்சையப்பரின் உயில்

இதே காலச் சென்னைக்கு வருவோம். 1754இல் பிறந்து, துபாஷாகவும் வணிகராகவும் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார், 1794 மார்ச்சு மாதம் தம் நாற்பதாம் அகவையில் மறைந்தார். மறைவுக்குச் சில நாள்களுக்கு முன் எழுதிய உயிலில் தம் செல்வத்தைக் கோயில்களுக்கும் பிற அறங்களுக்கும் விட்டுச் சென்றார். ‘உயில்’ என்னும் இச்சொல்லே ‘வில்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழ் உடை அணிந்தது. வடிவம் புதியது, உள்ளே இருந்த நோக்கம் கல்வெட்டுக் காலத்துப் பழைய கட்டளையே.

அவருக்குப்பின் பொறுப்பேற்றோர்க்கும் மனைவியர் முதலான உறவினர்க்கும் இடையே பூசல் எழுந்தது. பொருள் யார் கையில், கணக்கு யாரிடம், அறம் ஏன் நடக்கவில்லை என்ற வினாக்கள் சென்னை உச்ச நீதிமன்றத்தில் பல்லாண்டு நின்றன. அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டனும், பின்னர் அப்பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டனும் இதில் தலையிட்டனர். உயில் குறித்த சமயக் கொடைகளுக்கு ஒதுக்கியபின் மிகுந்து நின்ற தொகையைக் கல்விக்குச் செலவிடத் திட்டம் வகுக்கப்பட்டது. 1842 சனவரியில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. 1889இல் அது கல்லூரியாக வளர்ந்தது. கணித மேதை இராமானுசனும் அறிஞர் அண்ணாவும் அங்குப் பயின்றவர்கள்.

உயில் எழுதியதற்கும் பள்ளி திறந்ததற்கும் இடையே ஏறத்தாழ 48 ஆண்டுகள். இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அப்பள்ளியின்றி வளர்ந்தனர் என்று பொருள். ஆயினும் அச்செல்வம் சிதறாமல் நின்றது. அதன் நோக்கம் ஒரு குடும்பத்துக்குள் அடங்காமல் ஊருக்கு உரியதாக இருந்ததால், அரசின் வழக்கறிஞர் ஊர் சார்பில் வந்து நிற்க முடிந்தது. பினாங்கின் ‘சௌ சோங்’ வீட்டுக்காக அவ்வாறு வந்து நிற்க எவருக்கும் சட்டத்தில் இடமில்லை. இரண்டும் அன்பினால் எழுதப்பட்ட உயில்களே. ஒன்று வீழ்ந்து மற்றொன்று நின்றமைக்குக் காரணம், பயன்பெறுவோர் யார் என்பதே.

இந்த அளவுகோல் குறையற்றதன்று. முன்னோரை வணங்கும் குடும்பம் ஒழுங்குற்று வாழ்வதால் ஊருக்கு நன்மை இல்லையா என்று ஒரு சீனப் பெரியவர் கேட்டிருப்பின், அன்றைய நீதிபதியிடம் நிறைவான விடை இருந்திராது. இந்தியாவில் 1894ஆம் ஆண்டு அபுல் ஃபதா வழக்கில், குடும்பத்தாரின் நலனை முதன்மையாகக் கொண்ட வக்ஃபு செல்லாது எனப் பிரிவி கவுன்சில் கூறியபோது, தம் மார்க்கத்தில் குடும்பத்தைப் பேணுவதும் அறமே என்று முஸ்லிம்கள் வாதிட்டனர். 1913இல் ஒரு தனிச் சட்டத்தால் இந்தியாவில் அத்தீர்ப்பின் விளைவு மாற்றப்பட்டது. எது அறம் என்பதை ஒரு பண்பாட்டின் சொல்லகராதி மட்டும் முடிவு செய்தால் என்ன நேரும் என்பதற்கு இது சான்று.

சிங்கப்பூரில் தமிழர் வைத்த அறங்கள்

நம்மவர் இத்தீவில் நிறுவிய அறங்களும் இவ்விரு வழிகளுக்கு இடையே நடந்து வந்தவையே. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா நிற்கும் நிலம், விற்கலாகாது என்னும் நிபந்தனையோடு 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்டது. ஒருவர் பெயரில் தொடங்கிய பொறுப்பு, 1893இல் நீதிமன்ற ஆணையால் புதிய அறங்காவலர்களிடம் சென்றது. 1905இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் முகமதிய, இந்து அறக்கொடைகளுக்கென வாரியம் ஏற்பட்டது. விடுதலைக்குப் பின், 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இந்து அறக்கட்டளை வாரியமும், முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்வழி சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமும் அமைந்தன. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலும் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலும் அவ்வாரியத்தின் பொறுப்பில் உள்ளன.

காத்தோங்கிலும் ஒரு சான்று உண்டு. சிலோன் சாலைச் செண்பக விநாயகர் கோயில், செண்பக மரத்தடியில் வைத்து வணங்கப்பட்ட பிள்ளையாரிலிருந்து வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எதிர்நாயகம் பிள்ளை முன்னின்று சிறு கோயில் எழுப்பினார்; பின்னர் அது சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கத்தின் பொறுப்பில் வந்தது. தனியொருவர் முயற்சி சமூகத்தின் கைக்குச் சென்றதனால்தான் இன்றும் அங்கு மணியோசை கேட்கின்றது. சில தெருக்கள் தள்ளி இருந்த முன்னோர் வழிபாட்டு வீடுகளுக்கு அத்தகைய கைமாற்றம் வாய்க்கவில்லை.

ஒரு சொல்லும் ஒரு குடும்பமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் பழைய தமிழ் ஆவணம் ஒன்றை நம்மிடம் கொணர்ந்தனர். கோயிலில் ஆண்டுக்கொரு நாள் அன்னதானம் நடத்தச் சிறு தொகையையும் வாடகை வரும் ஓர் இடத்தையும் பாட்டனார் ஒதுக்கியிருந்தார். தமக்குப்பின் பிள்ளைகளில் மூத்தவர் அதனை நடத்தி வரவேண்டும் என்று எழுதியிருந்தார். அவருக்கு மூத்தது மகள், அடுத்தவர் மகன். மகள் வழியினரும் மகன் வழியினரும் ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் செல்லாமல் ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. ‘பிள்ளை’ என்றால் ஆணா, பெண்ணா என்று எழுதித் தருமாறு கேட்டனர்.

யாழ்ப்பாண வழக்கில் பெண்ணையே ‘பிள்ளை’ என்று அன்பாக விளிப்பர். தமிழகத்தின் சில பகுதிகளில் ‘பிள்ளை’ மகனையும் ‘பெண்’ மகளையும் குறிக்கும். ‘மூத்தவர்’ என்னும் உயர்வுச்சொல் பால் காட்டாது. பாட்டனாரோ ஓரூரில் பிறந்து வேறோரூரில் வளர்ந்தவர். இச்சொல் இருவருக்கும் இடம் தருகிறது. ஒருவரை விலக்க இதில் சான்று இல்லை என்றே நாம் எழுதிக் கொடுத்தோம். இருதரப்பாரும் அதில் நிறைவு கொள்ளவில்லை. பின்னர், பல ஆண்டு வாடகைக் கணக்கை எடுத்து இருதரப்பார் முன்னிலையிலும் வாசித்தபோதுதான் பேச்சு தொடங்கியதாக அறிந்தோம். இப்போது இருவர் பெயரிலும் பொறுப்பு உள்ளது. இருவர் கையொப்பமின்றிப் பணம் எடுக்க இயலாது. அவர்களைப் பிரித்தது சொல்லன்று, காட்டப்படாத கணக்கு. சொல் அதற்குப் போர்க்களம் ஆயிற்று, அவ்வளவே.

முடிவாக

இன்று சிங்கப்பூர்ச் சட்டம் காலவரம்பை எளிமையாக்கியுள்ளது. 2004ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஏற்படும் அறக்கட்டளைகளுக்கு 100 ஆண்டு என்னும் நிலையான எல்லை வகுக்கப்பட்டுள்ளது. பொது அறங்கள் அதற்கு அப்பாலும் நிற்கலாம். பயன்பெறுவோர் அறங்காவலரிடம் கணக்குக் கேட்கலாம். கடமை தவறியவரை நீக்குமாறு நீதிமன்றத்தை நாடலாம். பயன்பெறுவோர் அனைவரும் அகவை நிரம்பியவராய், பங்கு முழுவதும் தமக்கே உரியதாய், ஒருமனப்பட்டால் தனிக் குடும்ப அறக்கட்டளையை முடித்துப் பிரித்துக்கொள்ளவும் பழைய ஆங்கில விதியொன்று இடம் தருகிறது.

வகுப்பறையில் இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவரிடம் ஒரு பயிற்சி தரலாம். ஓர் அறக்கொடையை ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். யாருடைய பொருள், யார் காப்பவர், யாருக்குப் பயன், எத்தனை காலம், காப்பவர் மறைந்தால் அடுத்தவரை யார் அமர்த்துவது, கணக்கை யாரிடம் காட்டுவது ஆகிய ஆறு வினாக்களுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். எழுதியதை இன்னொரு மாணவரிடம் கொடுத்து, இரு பொருள்படும் சொல்லைத் தேடச் சொல்லுங்கள். தேடுபவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார்.

கல்லில் வெட்டிய நம் முன்னோர் ஆடு சாகும் என்பதை அறியாதவர் அல்லர். மந்தையை எண்ணிப் பார்க்கவும் நெய்யை அளந்து பெறவும் ஆள் வைத்த பிறகே ‘சாவா மூவா’ என்று எழுதினர். அளப்போர் இல்லாத இடத்தில் ‘என்றும்’ என்னும் சொல் ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டுவதில்லை.